பூஜைக்குப் போன ஸ்பேனர்

போன வாரம் மெக்கானிக் வகுப்பில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், ஃபியூயல் லைன் நட் இறுகிப்போச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" அவர் கேட்ட விதத்தைப் பார்த்தால், என்னிடம் ஏதோ ரகசிய எண்ணெய் இருக்கிறது, ஒரு சொட்டு விட்டால் நட் கும்பிடு போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிடும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. அப்படி எதுவும் என்னிடம் இல்லை. எப்படிக் கழற்றுவது என்று மேனுவலில் எழுதியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். அதை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை.

நான் சொல்லப்போவது ஒரு நட்டைக் கழற்றிய கதை. கழற்றிவிட்டேன் என்று நான் சந்தோஷப்பட்ட கதை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகப்போகிறது. இதை எழுத உட்கார்ந்து, முதலில் எழுதிய இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அதில் என்னை நானே கொஞ்சம் நல்லவனாக்கி வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மைசூரில் நஞ்சன்கூடு சாலைப் பக்கம் இருந்த சின்ன ஓடுபாதையில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. பெயர் வேண்டாம். அந்தப் பள்ளி இப்போது இல்லை. இரண்டே இரண்டு விமானங்கள், ஒற்றை என்ஜின், இரண்டு பேர் உட்காரலாம். எனக்கு முப்பத்தொரு வயது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக மைசூர் வந்தவர். நான் அங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவன். லைசென்ஸ் கைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. லைசென்ஸ் என்றால் உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்த விமானம் என் கையெழுத்து இல்லாமல் தரையை விட்டு எழும்ப முடியாது. அந்த நான்கு மாதமும் என் தலையில் கொம்பு முளைத்திருந்தது. பால்காரனின் அட்டையில்கூட முழுக் கையெழுத்தைச் சுழித்துப் போட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் மாதேசன். கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளிக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பேச்சில் கொங்குப் பக்கத்து இழுப்பு இருக்கும். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கறுப்பு பெயின்டில் வரைந்த ஒரு பெரிய பலகை அவருடைய ராஜ்யம். ஸ்பேனரை எடுத்தால் அந்த இடத்தில் உங்கள் பித்தளை டோக்கனை மாட்ட வேண்டும். சாயங்காலம் பலகை நிறையாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. என்ஜினுக்குள் மறந்துபோன ஒரு ஸ்பேனர் ஆளைக் கொல்லும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. கதவடியில் அவர் நிற்கும் நிலையைப் பார்த்து நாங்கள் முதுகுக்குப் பின்னால் அவரை முனியப்பன் என்போம். தம் வாழ்நாளில் ஒரு விமான நட்டைக்கூட அவர் திருகியதில்லை. அது அவருடைய வேலையும் இல்லை.

கதை நடந்தது ஆயுத பூஜை அன்று. தசரா சமயத்தில் மைசூர் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஹேங்கரும் அதற்குக் குறைந்ததில்லை. தரையைக் கழுவி, வாசலில் மாவிலை கட்டி, விமானத்தின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மூக்கில் மாலை போடுவோம். கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்து, ஒரு வெள்ளை வேட்டியில் வரிசையாக அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். பொட்டு வைத்த கருவியை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. அது எழுதாத சட்டம். கன்னடக்காரர், தமிழர், மலையாளி என்று எல்லோரும் மதித்த சட்டம்.

மறுநாள் விஜயதசமி. ஊரே ஊர்வலத்துக்குப் போகும். எங்களுக்கு அன்று வேறு விசேஷம் இருந்தது. நளினி முதல் முறையாகத் தனியாகப் பறக்கப்போகிறாள். தபால் இலாகாவில் இருந்தவரின் மகள், பத்தொன்பது வயது. இவள் தயார் என்று எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார். அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். மழையால் நாள் தள்ளிப்போனது. அதற்குள் நளினியின் அப்பா வந்து, "புதுக் காரியம் சார், விஜயதசமியன்னிக்கே வெச்சுக்கலாமே, காலையில பத்து மணிக்குள்ள நல்ல நேரம்" என்று கேட்டார். குழந்தைக்கு அட்சராப்பியாசம் செய்கிற மாதிரி விமானத்துக்கும் நாள் பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான். கேப்டன் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

அவள் பறக்க வேண்டிய விமானத்தில்தான் எனக்கு வேலை. இன்னொரு விமானம் உதிரி பாகத்துக்காகப் பிரித்துப் போட்டபடி கிடந்தது. வேலையும் பெரிய வேலை இல்லை. என்ஜினுக்குக் கீழே பெட்ரோலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் ஒன்று இருக்கும். அதிலிருந்து முழங்கை போல வளைந்த சின்ன அலுமினிய இணைப்பு, அதுதான் எல்போ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த எல்போவில் ஒரு ரப்பர் ஹோஸ் நட் போட்டு மாட்டியிருக்கும். ஹோஸின் மறுமுனை கார்புரேட்டருக்குப் போகும். ஹோஸுக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும். கார்புரேட்டர் பக்கத்து நட் சமர்த்தாகக் கழன்று வந்தது. எல்போ பக்கத்து நட் அசையவில்லை. முன்பு எப்போதோ யாரோ ஒழுகிவிடுமோ என்று பயந்து, பூசக் கூடாத இடத்தில் பசையைப் பூசியிருந்தார். அது கல்லாகிக் கிடந்தது.

இந்த மாதிரி நட்டுக்கு இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று எல்போவைப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று நட்டைத் திருக. ஊறுகாய் பாட்டிலைத் திறக்கும்போது ஒரு கையால் பாட்டிலைப் பிடித்துக்கொள்கிறோமே, அதே சமாசாரம்தான். பிடிக்காமல் திருகினால் உங்கள் பலம் முழுவதும் எல்போவின் கழுத்துக்குப் போகும்.

முந்தின நாள் சாயங்காலமே எண்ணெய் ஊற்றி ஊற வைத்திருந்தேன். ஆயுத பூஜை காலையில் இரண்டு ஸ்பேனரையும் வைத்து முக்கிப் பார்த்தேன். நட் மசியவில்லை. பத்து மணிக்கு மாதேசன் வந்து நின்றார்.

"சார், டூல்ஸெல்லாம் குடுத்துருங்க. பூசாரி பதினொண்ணுக்கு வந்துருவாருங்க. கழுவோணும், தொடைக்கோணும், பொட்டு வெக்கோணும்."

"ஆய்த்து, முடிஞ்சுது மாதேசன், அஞ்சு நிமிஷம்."

"இதையேதானுங்க ஒம்பது மணிக்கும் சொன்னீங்க."

என் தட்டில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டார். நான் கையில் இருந்த ஒரு ஸ்பேனரை மட்டும் விடவில்லை. "இதை நானே கொண்டு வந்து தர்றேன், போங்க" என்றேன். எல்போவைப் பிடிக்கும் ஸ்பேனர் அவர் கையோடு போய்விட்டது. எனக்கு அது தெரியும். தெரியாமல் நடந்தது என்று கிழித்துப்போட்ட பக்கத்தில் எழுதியிருந்தேன். பொய்.

பத்து நிமிஷம் கழித்து அதை எடுத்துவர பூஜை வைத்திருந்த இடத்துக்குப் போனேன். வெள்ளை வேட்டியில் மூன்றாவது வரிசையில், சந்தனமும் குங்குமமுமாகக் கல்யாண மாப்பிள்ளை போலப் படுத்திருந்தது. கையை நீட்டினேன். இழுத்துக்கொண்டேன். மாதேசன் பின்பக்கம் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு ஸ்டோர்காரரிடம் போய், "நட் வரலை, பூஜையைக் கலைச்சு அந்த ஸ்பேனரைக் குடுங்க" என்று கெஞ்சுவதா? கையெழுத்துப் போடுகிற நான்?

திரும்பி வந்து ஒற்றை ஸ்பேனரை மாட்டி, காலை உதைத்துக்கொண்டு, உடம்பு எடை முழுவதையும் அதன்மேல் போட்டேன். அடியாத மாடு படியாது என்று எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். மாட்டுக்குச் சொன்னதைக் கொண்டுபோய் அலுமினியத்திடம் காட்டியவன் நான். 'டக்' என்று ஒரு சத்தம். நட் சுழன்றது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

எல்போ ஒரு மயிரிழை திரும்பியிருந்த மாதிரி இருந்தது. விரலால் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. புது ஹோஸை மாட்டி, அதையும் ஒற்றை ஸ்பேனரிலேயே இறுக்கினேன். பெட்ரோலைத் திறந்துவிட்டுக் கீழே வெள்ளைத் துணி விரித்துக் காத்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. என்ஜினை ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. லாக் புக்கில் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். பூஜையில் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், சர்க்கரைப் பொங்கல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த ஸ்பேனர் என் ஓவரால் பையிலேயே கிடந்தது. வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் பலகை காலியாக இருக்கும். அன்று யாரும் எண்ண மாட்டார்கள்.

விஜயதசமி காலை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கேப்டன் நளினியோடு ஏறி மூன்று சுற்றுப் போய் வந்தார். ஓடுபாதையின் ஓரத்தில் விமானத்தை நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க அவர் மட்டும் இறங்கிக் கதவைச் சாத்தினார். வாக்கி டாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடமிருந்து முப்பது அடி தள்ளி நின்றார். நான் ஹேங்கர் வாசலில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நளினியின் அப்பாவும் அம்மாவும். அம்மா கையில் ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு.

அப்போது மாதேசன் பின்னாலிருந்து வந்தார். பூஜையிலிருந்து எடுத்த கருவிகளைப் பலகையில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சார், ஒரு ஸ்பேனர் உங்ககிட்டத்தானுங்க இருக்குது."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இரண்டடி நடந்தவர் நின்றார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பொட்டு இல்லை.

"நேத்து இது ஒண்ணுதானுங்களே உங்ககிட்ட இருந்துச்சு?"

"ஆமா."

"இதோட ஜோடி பத்து மணிக்கே பூஜைக்குப் போயிருச்சு. அப்ப அந்த எல்போவ எதை வெச்சுங்க புடிச்சீங்க?"

முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. என்ஜினைத் தொட்டே அறியாத மனிதர், வெறும் பலகைக் கணக்கை வைத்துக்கொண்டு, நான் முந்தின நாள் யாருக்கும் தெரியாமல் செய்ததை அப்படியே கண்டுபிடித்துவிட்டார். என் முகமே சொல்லியிருக்கும்.

"ஏனுங்க சார், கேட்டிருக்கலாமுங்களே," என்றார் தாழ்ந்த குரலில். "வருசா வருசம் ஒரு ஜோடிய பொட்டு வெக்காம எடுத்து வெச்சிருப்பேனுங்க. நேத்தும் டிராயருக்குள்ளதான் இருந்துச்சு. நட்டுக்கு ஆயுத பூஜைன்னு தெரியுமுங்களா?"

என்னால் நம்ப முடியவில்லை. இருபது அடி தூரத்தில், ஒரு டிராயரில், துணியில் சுற்றி, எனக்காகவே அது காத்திருந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

எங்களுக்கு எதிரே இருந்த ஓடுபாதை முனையில் நளினி என்ஜின் வேகத்தை ஏற்றிச் சரிபார்த்தாள். கேப்டன் என் பக்கம் திரும்பினார். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் முறை தனியாகப் பறக்கும் மாணவரை அனுப்புவதற்கு முன், கேப்டன் என்ஜினியரைப் பார்ப்பார். என்ஜினியர் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வேண்டும். மரியாதைக்காகச் செய்வது. யாரும் அங்கே 'இல்லை' என்று சொன்னதில்லை.

இதைக் கவனமாகப் படியுங்கள். நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். என் மனசு அப்போது மின்னல் வேகத்தில் வேலை செய்தது, ஆனால் அத்தனையும் எனக்காகத்தான். நேற்றே ஒழுகவில்லையே. என்ஜின் ஓட்டியும் பார்த்தோமே. இப்போதுதான் மூன்று சுற்றுப் போய் வந்தார்களே, ஒன்றும் ஆகவில்லையே. நிறுத்து என்றால் ஏன் என்று கேட்பார்கள். இந்த அம்மா கையில் இனிப்போடு நிற்கிறாள். நல்ல நேரம் முடியப்போகிறது. என் லைசென்ஸுக்கு நான்கு மாதம். ஒரு சுற்றுத்தானே, ஆறு நிமிஷம்.

கட்டைவிரலைத் தூக்கினேன்.

தூக்கிய கையை நானே பார்த்தேன். இது என் கைதானா என்று இருந்தது. சும்மா இருந்திருந்தால்கூட மறந்துவிட்டேன், புரியவில்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டிருக்கலாம். நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்தே போ என்றேன்.

மாதேசன் என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு ஓடினார். கருவியை அவர் தரையில் வைத்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஹேங்கர் மூலையில் சக்கரம் வைத்த பெரிய தீயணைப்பு சிலிண்டர் இருந்தது. இரண்டு பேர் தள்ள வேண்டியதைத் தனி ஆளாக இழுத்துக்கொண்டு புல்லில் ஓடி, ஓடுபாதை ஓரத்தில் போய் நின்றார். கேப்டன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நல்ல ஏற்பாடு என்பது போலத் தலையாட்டினார்.

நளினியின் அப்பாவுக்கு அதைப் பார்த்து லேசாக முகம் மாறியது. "இது எப்பவும் பண்றதுதானா சார்?"

"ஆமா சார், வழக்கம்தான்" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அது எவ்வளவு சுலபமாக வந்தது!

விமானம் எழும்பியது. சாமுண்டி மலைக்கு முதுகைக் காட்டி, ஓடுபாதைக்குத் தெற்கே சுற்றியது. ஆறு நிமிஷம். எழும்பிய கணத்திலிருந்து நான் அந்த என்ஜின் சத்தத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. இப்போது என்ஜின் நின்றால் அவள் விமானத்தை எங்கே இறக்குவாள் என்று என் கண் தேடிக்கொண்டே இருந்தது. தென்னந்தோப்பு. கரும்பு. அதற்கப்பால் மின்சாரக் கம்பி. அதோ ஒரு நெல் வயல், அது போதாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓடிப்போய்க் கேப்டனிடம் சொல்லி உடனே இறக்கச் சொல்லலாம் என்று தோன்றியது. போகவில்லை. பக்கத்தில் நளினியின் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். நானும் முணுமுணுத்தேன். அவர் கேட்ட அதே வரத்தைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

விமானம் இறங்கியது. ஒரு துள்ளல், அப்புறம் ஓடுபாதையோடு ஓட்டம். எல்லோரும் கை தட்டினார்கள்.

"எறங்கிட்டாளா? எறங்கிட்டாளா?" என்று அம்மா கண்ணைத் திறந்தார். "ஐயோ, நான் பாக்கவே இல்லையே!"

கேப்டன் சத்தமாகச் சிரித்தார். அவருக்கு அன்று நல்ல குஷி. "அம்மாவுக்காக இன்னொரு ரவுண்டு போயிட்டு வா" என்று வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டார். விமானம் மெல்லத் திரும்பி மறுபடி ஓடுபாதை முனையை நோக்கி உருண்டது.

இப்போதாவது வாய் திறந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஒரு தடவை போய் வந்துவிட்டது, இன்னொரு தடவையும் போய் வந்துவிடும், அப்புறம் மத்தியானம் யாரும் இல்லாதபோது மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

மாதேசன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு நேராக விமானத்துக்கு முன்னால் போனார். புரொபெல்லருக்கு எட்டாத தூரத்தில், பாதைக்குக் குறுக்கே நின்றார். நளினி பிரேக் போட்டாள்.

"ஏய் மாதேசா! பக்கக்கே ஹோகப்பா!" தள்ளிப் போ என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே கேப்டன் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மாதேசன் நகரவில்லை. "ஏன்யா? ஏனாயித்து? என்ன ஆச்சு?" என்று கேப்டன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். மாதேசன் என்னைக் காட்டினார்.

"சார் சொல்லுவாருங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் செய்தது முழுவதும் அவருக்குத் தெரியும். ஒரு வாக்கியத்தில் என்னைப் போட்டுக்கொடுத்திருக்கலாம். அதைச் சொல்லும் வேலையை எனக்கே விட்டார். பெற்றவர்களுக்கு அடுத்து நான் நன்றியோடு நினைக்கிற மனிதர் அவர். இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்குக் கடைசி வரை வரவில்லை.

"என்ஜினை நிறுத்தச் சொல்லுங்க கேப்டன்" என்றேன். "நேத்து நான் அந்த எல்போவைப் பிடிக்காம, ஒத்தை ஸ்பேனர்ல நட்டைக் கழட்டினேன்."

கேப்டன் முகத்தில் இருந்த சிரிப்பு முழுதாக அணைய ஒரு வினாடி ஆனது. பிறகு நளினியைப் பார்த்துக் கழுத்தின் குறுக்கே கையை வீசினார். புரொபெல்லர் நின்றது. பெட்ரோல் வால்வை மூடச் சொல்லிவிட்டு என்ஜின் மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஈரம். எங்கள் விமான பெட்ரோல் நீல நிறம். ஸ்ட்ரெய்னருக்குக் கீழே இருந்த தகடு முழுக்க நீலமாக நனைந்திருந்தது. புகை போகும் குழாய், தொட்டால் கை வெந்துபோகும் சூட்டில், ஒரு சாண் தள்ளி இருந்தது. நான் எல்போவைத் தொட்டேன். இழுக்கவில்லை, திருகவில்லை, தொட்டேன். அது என் விரலோடு வந்துவிட்டது.

கழுத்தில் முக்கால் வட்டத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. மீதிக் கால் வட்டத்தில்தான் அந்தப் பெண் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு போய் வந்திருக்கிறாள். கேப்டன் ஹோஸ் முனையில் தொங்கிய அந்தத் துண்டை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவரும் அன்று காலை அதை நம்பி மூன்று சுற்றுப் போய் வந்தவர்தான்.

அதற்குப் பிறகு நடந்தவை நடக்க வேண்டியவைதான். நடந்ததை நான் எழுதிக் கொடுத்தேன், விசாரணை நடந்தது, ஆறு மாதம் லைசென்ஸைப் பிடுங்கி வைத்தார்கள். அந்த ஆறு மாதமும் விமானங்களைக் கழுவினேன். குறைவான தண்டனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நட் இறுகினால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். நேரம் கேளுங்கள். ஆள் கேளுங்கள். சரியான கருவியைக் கேளுங்கள், அது சாமி காலடியில் இருந்தாலும் கேளுங்கள். வரவே இல்லையென்றால் விமானத்தை நிறுத்துங்கள். பதறாத காரியம் சிதறாது. ஆனால் உங்களில் பலர் என்றைக்காவது பதறத்தான் போகிறீர்கள், நானும் உங்களைப் போன்ற மனிதன்தான். நான் ஒற்றை ஸ்பேனரில் திருகியது தப்பு. அதை மன்னித்துவிடலாம். தெரிந்த பிறகு விரலைத் தூக்கியதை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நளினி வந்தாள். ஏதோ ஒரு குழாய் விட்டுப்போயிற்று, நல்லவேளை பார்த்துவிட்டார்கள் என்ற அளவுக்குத்தான் அவளுக்கும் வீட்டாருக்கும் கேப்டன் அப்போது சொல்லியிருந்தார். ஒரு காகிதத்தில் மைசூர்பாகு வைத்துக் கொடுத்தாள்.

"தேங்க்ஸ் சார். நீங்க நிறுத்தச் சொன்னதுனாலதான் ரெண்டாவது தடவை போகாம தப்பிச்சேன்."

நான் வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லட்டுமா சார்? சிரிக்கக் கூடாது. கேப்டன் எறங்கினதும் பக்கத்து சீட் காலியாயிடுச்சா, எனக்குக் கையெல்லாம் ஒரே நடுக்கம். இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடலாம்னு மைக்கைக்கூட எடுத்துட்டேன். அப்பத்தான் சார் நீங்க கட்டைவிரலைத் தூக்கினது தெரிஞ்சுது. அதைப் பாத்தப்புறம்தான் நடுக்கம் நின்னுச்சு."

காகிதத்தைத் தரையில் வைத்தேன். "அப்பவே எனக்குத் தெரியும்மா" என்றேன்.

"என்ன சார் தெரியும்?"

"அது உடைஞ்சிருக்கலாம்னு. விரலைத் தூக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

அவள் அழவில்லை, திட்டவில்லை. "ஓ" என்றாள். பிறகு நடந்து போய்விட்டாள்.

எனக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகும் அவள் அந்தப் பள்ளியில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தாள். பார்க்கும்போதெல்லாம் "குட் மார்னிங் சார்" என்பாள். ஏறுவதற்கு முன் என்ஜின் மூடியைத் தானே திறந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு ஏறி உட்கார்ந்து ஓடுபாதை முனைக்குப் போவாள். முதல் தடவைக்கு மட்டும் இருந்த அந்த வழக்கத்தை, அதற்குப் பிறகு கேப்டன் ஒவ்வொரு தடவைக்கும் ஆக்கிவிட்டார். அவர் என் பக்கம் திரும்புவார். நான் கட்டைவிரலை உயர்த்துவேன். நளினி நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் என் கையைப் பார்க்கவில்லை.